மெமோரியலா, பிராது வழியா? பன்னாட்டு ஆர்பிட்ரேஷனில் எழுத்து வாதத்தை எப்படி அமைப்பது

ஆர்பிட்ரேஷன் என்பது நீதிமன்றத்துக்குப் போகாமல், இரு தரப்பும் ஒத்துக்கொண்டபடி நடுவர்கள் முன் வழக்கை நடத்துவது. சிங்கப்பூரில் அப்படி ஒரு வழக்கில் மூன்று நடுவர்களும் நியமனமாகிவிட்டால், முதல் காணொலிக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு 'நடைமுறை உத்தரவு எண் 1' என்று ஒரு வரைவு மின்னஞ்சலில் வரும். இருபது பக்கம் இருக்கும். பிடிஎஃப்பில் சொல் தேடும் வசதி வேண்டும், வாதியின் ஆவணங்களுக்கு சி-1, சி-2 என்றும் பிரதிவாதியின் ஆவணங்களுக்கு ஆர்-1, ஆர்-2 என்றும் எண் போட வேண்டும் என்று முக்கால்வாசி இப்படிப்பட்ட விஷயங்கள்தான். நடுவில் ஒரே ஒரு வரி: எழுத்து வாதங்கள் மெமோரியல் முறையில் தாக்கல் செய்யப்படும், ஆட்சேபணை இருந்தால் தரப்பினர் சொல்லவும்.

கம்பெனிகளின் சட்டப் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த வரியைத்தான் தாண்டிப் போகிறார்கள். "ஏதோ ஒரு பேர் சார், கிளெய்ம் ஸ்டேட்மெண்ட்தானே அது?" என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அடுத்த ஒன்றரை வருடத்தில் பணம் எந்த மாதம் போகும், யாருடைய தூக்கம் எப்போது போகும் என்பதெல்லாம் அந்த வரியில்தான் இருக்கிறது.

நமக்குப் பழகிய முறையிலிருந்து ஆரம்பிக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6-வது கட்டளை, 2-வது விதி சொல்வது இதுதான்: வழக்குரையில் முக்கியமான சங்கதிகளை மட்டும் சொல், அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தைச் சொல்லாதே. அதனால் பிராது மெலிதாக இருக்கும். எதிருரையில் பத்தி வாரியாக மறுப்பு வரும். 'இதில் குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர ஏனைய பிராது சங்கதிகள் யாவும் உண்மைக்குப் புறம்பானவை' என்ற வாசகத்தை எழுதாத வக்கீல் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அப்புறம் எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனைவார்கள், நிரூபண வாக்குமூலம் வரும், வா.சா.ஆ.1 (வாதியின் சான்று ஆவணம் 1) என்று ஆவணம் குறியிடுவார்கள், குறுக்கு விசாரணை நடக்கும், வாய்தாக்களும் வரும். இங்கிலாந்து நீதிமன்றங்களின் வழியும் அடிப்படையில் இதுதான். பன்னாட்டு ஆர்பிட்ரேஷனில் இதற்கு ப்ளீடிங் முறை என்று பெயர். நான் பிராது வழி என்றே சொல்கிறேன்.

மெமோரியல் முறை இதற்கு நேர் எதிர். 6-வது கட்டளை எதைச் செய்யாதே என்கிறதோ, அதை முதல் நாளே செய்யச் சொல்கிறது. சங்கதி, சட்ட வாதம், எல்லா ஆவணங்கள், சாட்சிகளின் கையெழுத்திட்ட வாக்குமூலம், நிபுணர் அறிக்கை, மேற்கோள் தீர்ப்புகள் எல்லாம் ஒரே பொதியாக வரும். பிரதிவாதியும் அதேபோல ஒரு பொதி போடுவார், அது கவுண்டர் மெமோரியல். நடுவில் எதிர்த்தரப்பு ஆவணங்களைக் கேட்டு வாங்கும் கட்டம் ஒன்று. பிறகு ரிப்ளை (வாதியின் பதில்), ரிஜாயிண்டர் (அதற்குப் பிரதிவாதியின் பதில்) என்று இன்னொரு சுற்று. அதோடு எழுத்து முடிந்தது. விசாரணை நாட்களில் நேரே குறுக்கு விசாரணைக்குப் போய்விடுவார்கள்.

இது நாடுகளுக்கு இடையிலான வழக்குகளின் பழக்கத்திலிருந்து வந்தது. ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்தின் சட்டத்திலேயே மெமோரியல், கவுண்டர் மெமோரியல் என்ற சொற்கள் இருக்கின்றன. உலக வங்கியின் முதலீட்டுத் தகராறு மையமான இக்சிட், 2022 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள தன் விதிகளில் 30-வது விதியாக இதே வரிசையைத்தான் வைத்திருக்கிறது. இந்தியா இக்சிட்டில் உறுப்பினர் இல்லை, இலங்கை உறுப்பினர். இரு நாடுகளுக்கு இடையிலான முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை மட்டும் நம்பி அங்கே போடப்பட்ட முதல் வழக்கே மட்டக்களப்பு இறால் பண்ணை பற்றியதுதான். 1987 ஜனவரியில் பாதுகாப்புப் படை நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது. முதலீடு செய்த நிறுவனம் எண்பது லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. 1990-ல் கிடைத்தது 4,60,000 டாலர். பண்ணையை அழித்தது யார் என்பதை இரண்டு தரப்புமே ஐயமின்றி நிரூபிக்கவில்லை என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்பு தரத் தவறியதற்காக மட்டும் அரசு பொறுப்பானது. பொதி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே சாட்சியம் இருந்தால்தான் பணம் வரும்.

வணிக வழக்குகளில் விதிகள் கையைக் கட்டுவதில்லை. பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபையான ஐசிசியின் 2021 விதிகள் எந்த முறை என்று சொல்வதே இல்லை. லண்டனின் பன்னாட்டு ஆர்பிட்ரேஷன் அமைப்பான எல்சிஐஏவின் 2020 விதிகளில் வழக்குரைக்கு 28 நாள், எதிருரைக்கு 28 நாள் என்று ஓர் அட்டவணை உண்டு, ஆனால் நடுவர்கள் வேறு விதமாக உத்தரவு போட்டுக்கொள்ளலாம். ஐ.நா. வணிகச் சட்ட ஆணையமான அன்சிட்ரலின் விதி 20, வழக்குரையோடு ஆவணங்களையும் பிற சாட்சியங்களையும் 'இயன்றவரை' சேர்க்கச் சொல்கிறது. மெமோரியல் பக்கம் ஒரு சாய்வு, அவ்வளவுதான். ஆகவே முடிவு முதல் கூட்டத்தில் பேசுபவர்கள் கையில். நாம் வாய் திறக்காவிட்டால் நடுவர்கள் தங்களுக்குப் பழகியதைப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது மெமோரியலாக இருக்கும்.

சரி, எது நமக்கு நல்லது? செலவு எதில் குறைவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பி வேறு ஒன்றைக் கேட்பேன்: உங்கள் வழக்கை நிரூபிக்கும் காகிதம் எங்கே இருக்கிறது, உங்கள் பீரோவிலா, அவர்கள் பீரோவிலா?

நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மேற்கு மாவட்டத்து ஆலை ஒன்றுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் இயந்திரங்களை நிறுவித் தந்தது. வேலை ஏழு மாதம் தாமதம். பாக்கித் தொகையைக் கேட்டு அவர்கள் சிங்கப்பூரில் வழக்குப் போட்டார்கள். நாங்கள் பிரதிவாதி. மெமோரியல் முறைக்கு முதல் கூட்டத்திலேயே தலையாட்டிவிட்டோம், நானும்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பொதி வந்தது: 160 பக்க வாதம், மூன்று வாக்குமூலங்கள், தாமதத்தை நாள் நாளாகப் பிரித்துக் காட்டும் நிபுணர் அறிக்கை, நானூறு சொச்சம் ஆவணங்கள். அவர்கள் அதை ஒரு வருடமாகத் தயாரித்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 90 நாள்.

எங்கள் பக்கம் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் பிராஜெக்ட் மேனேஜர். அவர் வேலையை விட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டிருந்தார். அவர் எழுதிய சைட் டைரிகள் கோடு போட்ட நீள நோட்டுகள், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். ஒரு நாளுக்கான பதிவு முழுவதுமே இவ்வளவுதான்: 'கிரேன் வரல. அவங்க ஆள் கோவிச்சுட்டுப் போயிட்டார்.' அதற்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு செய்து, சான்றளித்து, ஆர்-37 என்று எண் போட வேண்டும். ஆனால் யார் கொண்டுவர வேண்டிய கிரேன்? அதைத்தானே நடுவர்கள் கேட்பார்கள்? ஒப்பந்தப்படி கனரகத் தூக்கு வேலை அவர்கள் பொறுப்பு, ஆனால் அந்த வாரம் மட்டும் நாங்கள் ஏற்பாடு செய்வதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தது. மஸ்கட்காரர் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் பேசுவார். 90 நாளும் இதிலேயே கரைந்தன. தாக்கல் செய்து பத்து நாள் கழித்து, ஆலையின் ஸ்டோர் ரூமில் மின் ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் இன்னும் இரண்டு நோட்டுகள் கிடைத்தன.

அவற்றை ரிஜாயிண்டரோடு சேர்த்தோம். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நடுவர்கள் அனுமதித்தார்கள், ஆனால் எதிர்த்தரப்புக்கு ஒரு கூடுதல் பதில் போட வாய்ப்புக் கொடுத்தார்கள், அதற்கான செலவு எங்கள் தலையில் விழுந்தது. பிராது வழியில் போயிருந்தால் அந்த நோட்டுகள் சாட்சியக் கட்டத்தில் சாவகாசமாக உள்ளே வந்திருக்கும்.

மெமோரியல் முறையில் வாதிக்கு இருக்கும் பெரிய சாதகம் இதுதான். வழக்குப் போடும் தேதி அவர் கையில் இருக்கிறது. பொதியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நோட்டீஸே அனுப்புவார். பிரதிவாதிக்குக் கடிகாரம் அன்றுதான் ஓடத் தொடங்கும். அன்சிட்ரல் விதிகள் எழுத்து வாதத்துக்கு 45 நாளுக்கு மேல் தர வேண்டாம் என்கின்றன. நீட்டிக்க இடம் உண்டு என்றாலும், அது மன்றாடிப் பெற வேண்டிய நீட்டிப்பு. ஆகவே நீங்கள் பிரதிவாதியாக இருந்து, ஆட்கள் சிதறிப் போயிருந்தால், பிராது வழியைக் கேளுங்கள். அது கிடைக்காது போலிருந்தால், முறையை விட்டுக்கொடுத்து நாட்களைக் கேளுங்கள். வாதி தயாரிக்க எடுத்துக்கொண்ட காலத்தைக் காட்டி நூற்று இருபது நாள் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

காகிதம் அவர்கள் பீரோவில் இருக்கும் வழக்குகள் வேறு ரகம். விலையைக் கூட்டுச் சேர்ந்து நிர்ணயித்தார்கள், லஞ்சம் கொடுத்து ஒப்பந்தம் வாங்கினார்கள், கணக்கை மறைத்தார்கள் என்று சொல்ல வேண்டிய வழக்குகள். இதில் மெமோரியல் முறை வாதிக்கே பாதகம். நிரூபணத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமலே முழு வாதத்தையும் எழுத வேண்டியிருக்கும். ஆவணம் கேட்கும் கட்டம் முதல் சுற்றுக்குப் பிறகுதான் வரும். அங்கே ரெட்ஃபெர்ன் அட்டவணை என்ற நாலு நெடுவரிசைக் கட்டத்தில் கோரிக்கை, காரணம், ஆட்சேபம், நடுவர் முடிவு என்று நிரப்பிக் கேட்க வேண்டும். 'எல்லா மின்னஞ்சல்களும்' என்று கேட்டால் தள்ளிவிடுவார்கள். சர்வதேச வழக்கறிஞர் சங்கத்தின் 2020 சாட்சிய விதிகள், குறுகலாக, திட்டவட்டமாகச் சொல்லப்பட்ட வகையைக் கேட்கச் சொல்கின்றன. பிராது வழியில் தகராறுகள் முதலிலேயே கூராகிவிடுவதால் எந்தக் காகிதம் வேண்டும் என்பதும் தெளிவாக இருக்கும், வந்த பிறகு அதை வைத்துச் சாட்சியம் தயாரிக்கலாம்.

காகிதம் கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நைஜீரியா வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எரிவாயு சுத்திகரிப்பு ஒப்பந்தம், 2010. பிராசஸ் அண்ட் இண்டஸ்ட்ரியல் டெவலப்மெண்ட்ஸ் என்ற கம்பெனிக்கு 2017-ல் லண்டனில் அமர்ந்த நடுவர்கள் 660 கோடி டாலர் கொடுத்தார்கள். வட்டியோடு அது 1,100 கோடி டாலரைத் தாண்டியது. 2023 அக்டோபரில் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ராபின் நோல்ஸ் அந்தத் தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது என்று கண்டார். லஞ்சம் கொடுத்ததை மறைத்து ஒரு பொய்ச் சாட்சி வாக்குமூலம் தாக்கல் செய்யப்பட்டிருந்தது. நைஜீரியாவின் வக்கீல்களுக்கு மட்டும் உரிய ரகசியக் காகிதங்கள் எதிர்த்தரப்பின் கையில் இருந்தன. இதெல்லாம் நடுவர் மன்றத்தில் வெளியே வரவில்லை, பிற்பாடு நீதிமன்றம் வழியாக ஆவணங்களை வெளியே கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது. ஆவண வெளியீட்டின் முக்கியத்துவத்தை நீதிபதியே தீர்ப்பில் தனியாகச் சொன்னார். அந்த வழக்கு எந்த முறையில் நடந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பளபளப்பாக அச்சிட்ட வாக்குமூலம் ஒன்று பொதியில் வந்தால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, நடுவர்களுக்கும்தான். வாக்குமூலத்தைப் பெரும்பாலும் எழுதுவது வக்கீல் என்பது ஊரறிந்த ரகசியம்.

செலவுக்கு வருவோம். மெமோரியல் முறையில் பணம் முன்னாலேயே போகிறது. நிபுணருக்கு, மொழிபெயர்ப்புக்கு, சாட்சிகளோடு உட்கார்ந்து எழுதும் ஜூனியர் வக்கீல்களின் மணிக்கணக்கான கட்டணத்துக்கு. ஆறு மாதத்தில் சமரசம் ஆகிவிடும் வழக்காக இருந்தால் அது வீண். பிராது வழியில் முதல் இரண்டு உரைகளும் மலிவு. அவை பரிமாறிக்கொண்டதும் உட்கார்ந்து பேசலாம். ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு. எதிர்த்தரப்பின் நிபுணர் அறிக்கையைக் கண்ணால் பார்க்கும் வரை எந்த முதலாளியும் தன் வழக்கு பலவீனம் என்று நம்பமாட்டார். மெமோரியல் வந்த அடுத்த வாரமே "பேசி முடிச்சிடலாமா" என்று கேட்டவர்கள் உண்டு. முழு விசாரணை வரை போவது நிச்சயம் என்றால், மொத்தச் செலவில் மெமோரியல் முறை குறைவாகத்தான் வரும், ஏனென்றால் ஒரே கதையைப் பிராதில் ஒரு முறை, வாக்குமூலத்தில் ஒரு முறை, விசாரணைக்கு முந்தைய வாதச் சுருக்கத்தில் ஒரு முறை என்று எழுத வேண்டியதில்லை.

பக்க எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாவிட்டால் அந்த மிச்சமும் போய்விடும். ரஷ்யாவுக்கு எதிரான யூகோஸ் எண்ணெய் நிறுவன வழக்கின் 2014 தீர்ப்பே சொல்கிறது: எழுத்து வாதங்கள் 4,000 பக்கத்துக்கு மேல், ஆவணங்கள் 8,800-க்கு மேல். கேட்ட தொகை அப்படி. பத்துக் கோடி ரூபாய்த் தகராறுக்கு அந்தக் கனவு வேண்டாம். முதல் கூட்டத்திலேயே பக்க வரம்பு கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

மெமோரியல் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. பொதி பெரிதாக இருப்பதால் 'எல்லாம் உள்ளே இருக்கிறது' என்ற நினைப்பு வந்துவிடும். வழக்கு எது என்று தனியாகச் சொல்ல மறந்துபோகும். அப்படிச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-ல் முடித்த சிஏஜே எதிர் சிஏஐ (பெயர்கள் மறைக்கப்பட்ட தரப்பினர்) வழக்கைப் பாருங்கள். பாலிசிலிக்கான் ஆலை கட்டுவதில் தாமதம், உரிமையாளர் தாமத இழப்பீடு கேட்டார். ஒப்பந்தப்படி தங்களுக்குக் கால நீட்டிப்பு உண்டு என்ற வாதத்தைக் கட்டுமானத் தரப்பு முதன்முறையாகச் சொன்னது இறுதி எழுத்து வாதத்தில்தான். நடுவர்கள் அதை ஏற்றுச் சில நாட்களைக் கழித்துக்கொடுத்தார்கள். வழக்குரையில் இல்லாத வாதம், எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை என்று நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. ஒரே ஒரு பத்தியை ஒழுங்காக எதிருரையில் போட்டிருந்தால் போதும். மறுபக்கம், 2012-ல் கெம்பின்ஸ்கி ஹோட்டல் நிர்வாக ஒப்பந்த வழக்கில், வழக்குரையில் வராத ஒரு விஷயத்தை நடுவர் எடுத்துக்கொண்டதற்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பை இதே மேல்முறையீட்டு நீதிமன்றம் மீட்டுக்கொடுத்தது. இருவருக்கும் அது தெரிந்திருந்தது, வாதாடவும் வாய்ப்பு இருந்தது என்பது காரணம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் சிபாரிசு எளிது: மெமோரியலின் முடிவில், எதிர்த்தரப்பு எதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் பிராது பாணியில் எண் போட்டு எழுதிவிடுங்கள். அழகாக இருக்காது. வேலை செய்யும்.

ஐசிசி வழக்காக இருந்தால் இதில் இன்னொரு வேலியும் உண்டு. வழக்கின் எல்லையை எழுதிவைக்கும் டேர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ் என்ற ஆவணம் கையெழுத்தான பிறகு, அதன் எல்லைக்கு வெளியே புதுக் கோரிக்கை வைக்க நடுவர்களின் அனுமதி வேண்டும்.

அமர்விடம், அதாவது எந்த நாட்டு ஆர்பிட்ரேஷன் சட்டம் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் இடம், இந்தியா என்றால் கணக்கு மாறுகிறது. 1996-ஆம் வருடத்து ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 2019 திருத்தம் 23(4) பிரிவைச் சேர்த்தது: நடுவர்களுக்கு நியமன அறிவிப்பு கிடைத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குரையும் எதிருரையும் முடிய வேண்டும். ஆறு மாதத்துக்குள் இரண்டு முழுப் பொதிகள் என்பது மூச்சு முட்டும். பிராது வழி இங்கே இயல்பாகப் பொருந்தும். ஆனால் 29ஏ பிரிவின் பன்னிரண்டு மாதக் கெடு, வழக்குரைகள் முடிந்த தேதியிலிருந்துதான் ஓடுகிறது. பன்னாட்டு வணிக வழக்குக்கு அது கட்டாயமில்லை, இயன்றவரை முயற்சி செய் என்ற அளவில்தான். இரு தரப்பும் இந்தியக் கம்பெனிகளாக இருந்தால் கட்டாயம். பொதி முறையில் சாட்சியமெல்லாம் கெடு ஆரம்பிக்கும் முன்பே உள்ளே வந்துவிடும், பன்னிரண்டு மாதமும் விசாரணைக்கும் தீர்ப்புக்கும் மிஞ்சும். பிராது வழியில் நிரூபண வாக்குமூலமே அந்தப் பன்னிரண்டு மாதத்தைத் தின்ன ஆரம்பிக்கும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஆறு மாதம் நீட்டிக்கலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டியதுதான். சிங்கப்பூர் அமர்விடத்துக்கு இந்த இரண்டு பிரிவுகளும் வராது.

இரண்டையும் கலப்பதும் உண்டு: வழக்குரையோடு ஆவணங்கள் மட்டும், வாக்குமூலங்கள் பிற்பாடு. நடுத்தரத் தொகை வழக்குகளுக்கு எனக்குப் பிடித்தது இதுதான். இருவரும் ஒரே நாளில் தாக்கல் செய்யும் முறையையும் சிலர் கேட்பார்கள். வேகம்தான், ஆனால் இரண்டு பேரும் வெவ்வேறு திசையில் பேசிவிட்டுப் போவார்கள். விசாரணைக்குப் பிந்தைய எழுத்து வாதத்துக்கு வேண்டுமானால் அது சரி.

அந்த ஆலைக்காரர் இப்போது வேறொரு வழக்கில் வாதி. பத்து நாள் முன்பு போன் செய்தார். "சார், இந்தத் தடவை நாமளே மெமோரியல் கேட்டுடலாமா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே ஒரு லிங்க் அனுப்பினார். திறந்து பார்த்தால் பதினொரு சைட் டைரிகள், அட்டையிலிருந்து அட்டை வரை ஸ்கேன் செய்தது, தேதி வாரியாக.